மதிப்பீட்டு எச்சரிக்கைகளின் பொருள்
வகைப்படுத்தும் இயந்திரங்களும் விடையில்லாப் பூஜ்யமும்

பொருள்களை இனம் பிரித்தறிதல் விஞ்ஞானத்தின் மிகத் தொன்மையான அலுவல்களுள் ஒன்றாகும். நெற்பயிரின் இலையில் தோன்றும் புள்ளி எந்த நோயின் அடையாளம், திரண்டு வரும் மேகம் மழை தருமா, நுண்ணோக்கியின் கீழ்த் தெரியும் உயிரணு நோயுற்றதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பயிற்சி பெற்ற கண்ணும் நீண்ட அனுபவமும் தேவைப்பட்டு வந்தன. இன்று இவ்வேலையின் ஒரு பகுதியை இயந்திரக் கற்றல் முறையில் பயிற்றப்பெற்ற கணிப்பொறி நிரல்கள் ஏற்றுள்ளன. முன்னரே இனம் குறிக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள் பலவற்றைக் கொண்டு பயிற்றிய பின், புதிதாக ஒன்றைக் காட்டினால், அது இன்ன வகையைச் சார்ந்தது என்று இந்நிரல்கள் தீர்ப்புக் கூறுகின்றன. இவற்றை வகைப்படுத்திகள் என அழைப்பது மரபு.

வகைப்படுத்தி ஒன்றை வயலிலோ ஆய்வுக்கூடத்திலோ பணிக்கு ஏற்றுக்கொள்ளுமுன், அதன் தீர்ப்புகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று அளந்தறிதல் இன்றியமையாதது. இவ்வளவீட்டைச் செய்யும் நிரல்கள் சில வேளைகளில் விடையுடன் ஓர் எச்சரிக்கையையும் அச்சிடுகின்றன. விடை கிடைத்துவிட்டபடியால் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவோர் பலர். அதனை ஒரு தொல்லையாகக் கருதி, தோன்றாதபடி அடக்கிவிடுவோரும் உளர். ஆனால் அவ்வெச்சரிக்கை கூறும் செய்தி அச்சிடப்பட்ட எண்ணைவிட முக்கியமானதாக இருத்தல் கூடும். அதன் பொருள் யாது, அது எக்காரணங்களால் எழுகிறது, அதனைக் கண்டவுடன் செய்யத்தக்கது என்ன என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

1884-ஆம் ஆண்டின் ஒரு விவாதம்

தீர்ப்புகளை அளப்பதில் உள்ள சிக்கல் கணிப்பொறிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அறியப்பட்டதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அக்காலத்தில் வானிலைப் பணி இராணுவத்தின் சமிக்ஞைப் படையைச் சார்ந்திருந்தது. அப்படையில் பணியாற்றிய ஜான் பார்க் ஃபின்லி என்பார், டொர்னேடோ எனப்படும் கொடிய சுழற்காற்று எந்தெந்தப் பகுதிகளில் தோன்றும், எவற்றில் தோன்றாது என்று 1884-ஆம் ஆண்டில் முன்னறிவிப்புகள் செய்து, அவற்றின் முடிவுகளை வெளியிட்டார். அவை மொத்தம் 2,803. அவற்றின் விவரம் வருமாறு:

சுழற்காற்று வரும் என்று கூறியவாறே வந்தவை: 28
வரும் என்று கூறியும் வராதவை: 72
வராது என்று கூறியும் வந்தவை: 23
வராது என்று கூறியவாறே வராதவை: 2,680

முதல் வரியையும் கடைசி வரியையும் கூட்டினால் 2,708 ஆகிறது. அதாவது, நூற்றுக்கு 96.6 வீதம் முன்னறிவிப்புகள் சரியாக இருந்தன. இது வியக்கத்தக்க வெற்றி என்றே எவருக்கும் தோன்றும்.

அதே ஆண்டில் ஜி. கே. கில்பர்ட் என்னும் நிலவியலறிஞர் இக்கணக்கில் உள்ள குறையை எடுத்துக் காட்டினார். சுழற்காற்று அரிதாகவே தோன்றுவது. 2,803 முறைகளில் அது உண்மையில் வந்தது 51 முறை மட்டுமே. ஆகவே, வானத்தைச் சிறிதும் நோக்காமல், எந்நாளும் எவ்விடத்தும் "வராது" என்றே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் கூற்று 2,752 முறை சரியாக அமையும். அது நூற்றுக்கு 98.2 வீதம். உழைத்து ஆய்ந்து கூறியவரைவிட, ஒன்றும் செய்யாதவர் மேலானவர் என்ற முடிவுக்கு அக்கணக்கு இட்டுச் செல்கிறது! ஆனால், ஃபின்லி முன்கூட்டியே உணர்த்திய 28 சுழற்காற்றுகளுள் ஒன்றையேனும் அந்த "வராது" என்பவர் உணர்த்தியிருக்க மாட்டார். அவ்வாண்டிலேயே தத்துவ அறிஞரும் தருக்க நூல் வல்லுநருமான சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் என்பவரும் இப்பிரச்னையை ஆராய்ந்து வேறோர் அளவையை முன்வைத்தார்.

மூன்று அளவைகள்

இவ்விவாதத்தினின்று பெறப்படும் பாடம், ஒரே எண்ணால் எதனையும் மதிப்பிடலாகாது என்பதாகும். இன்று வகைப்படுத்திகளை மதிப்பிடுவோர் பின்வரும் அளவைகளைச் சேர்த்தே கணக்கிடுகின்றனர்.

முதலாவது, மொத்தச் சரி விகிதம். எல்லாத் தீர்ப்புகளிலும் சரியானவை எத்தனை வீதம் என்பது இது. ஃபின்லிக்கு இது 96.6.

இரண்டாவது, துல்லிய விகிதம். ஆங்கிலத்தில் இதனைப் பிரிசிஷன் என்பர். "இது இன்ன வகை" என்று கூறப்பட்டவற்றுள் உண்மையில் அவ்வகையாக இருந்தவை எத்தனை என்பதை இது காட்டும். ஃபின்லி "வரும்" என்று கூறியவை 100, வந்தவை 28. எனவே துல்லிய விகிதம் 28.

மூன்றாவது, கண்டறி விகிதம். ரீகால் என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. உண்மையில் அவ்வகையாக இருந்தவற்றுள் சரியாக இனங்காணப்பட்டவை எத்தனை என்பதை இது காட்டும். வந்த சுழற்காற்றுகள் 51. அவற்றுள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை 28. எனவே கண்டறி விகிதம் ஏறத்தாழ 54.9.

இவ்விரு விகிதங்களின் இசைச் சராசரி எஃப்-1 மதிப்பு எனப்படும். ஃபின்லியின் கணக்கில் இது ஏறத்தாழ 37.1 ஆகும்.

இவற்றில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துல்லிய விகிதத்தை வகுக்கும் எண், தீர்ப்பளித்தவர் ஒரு வகையை எத்தனை முறை கூறினார் என்பது. கண்டறி விகிதத்தை வகுக்கும் எண், அவ்வகை உலகில் எத்தனை முறை இருந்தது என்பது. முன்னது தீர்ப்பைச் சார்ந்தது. பின்னது உண்மையைச் சார்ந்தது. எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்வதற்கு இவ்வேறுபாடே திறவுகோலாகும்.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தல்

எப்போதும் "வராது" என்றே கூறும் மனிதரின் கணக்கை இனிப் பார்ப்போம். அவருடைய கண்டறி விகிதம் 51-இல் 0, அதாவது பூஜ்யம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. அவருடைய துல்லிய விகிதம் யாது? அவர் "வரும்" என்று கூறியது 0 முறை. அவற்றுள் சரியானவை 0. ஆகவே, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியுள்ளது.

12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 வரும் என்பதன் பொருள், 4-ஐ 3-ஆல் பெருக்கினால் 12 வரும் என்பதே. 5-ஐப் பூஜ்யத்தால் வகுக்க முயன்றால், பூஜ்யத்தால் பெருக்கி 5-ஐத் தரக்கூடிய எண் எதுவும் இல்லையாகையால், விடை கிடைப்பதில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதோ இதற்கு நேர்மாறான சங்கடம். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே வருகிறது. எனவே எல்லா எண்களும் விடையாகப் பொருந்துகின்றன; எதுவும் தனியுரிமை பெறுவதில்லை. இதனைக் கணித நூலார் வரையறுக்கப்படாதது என்பர்.

பேச்சு வழக்கில் கூறுவதாயின், ஒரு மாணவன் தேர்வுக்கே வரவில்லை என்றால் அவன் எழுதிய விடைகளில் எத்தனை வீதம் சரி என்று வினவுவதற்கு ஒப்பாகும் இது. அவ்வினாவுக்கு விடையளிக்கச் சான்று இல்லை. மதிப்பெண் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதுவது ஓர் அலுவலக ஏற்பாடு. அம்மாணவனது அறிவின் அளவு அன்று.

நிரல் என்ன செய்கிறது?

பைத்தான் மொழியில் எழுதப்படும் நிரல்களில் மிகப் பரவலாகக் கையாளப்படுவது சைகிட்-லேர்ன் என்னும் நிரற் கோவையாகும். 2007-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2010-ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பொது உபயோகத்துக்கு வெளியிடப்பட்ட இக்கோவை, எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. மதிப்பீட்டின்போது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் இக்கோவை நின்றுவிடுவதில்லை. விடையின் இடத்தில் 0.0 என்று எழுதிவிட்டு, "துல்லிய விகிதம் சரிவர வரையறுக்கப்படவில்லை, தீர்ப்பு எதுவும் பெறாத வகைகளுக்கு அது 0.0 என வைக்கப்படுகிறது" என்ற கருத்துடைய எச்சரிக்கையை வெளியிடுகிறது.

"வைக்கப்படுகிறது" என்ற சொல் இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. அந்தப் பூஜ்யம் அளந்து பெற்றது அன்று. வெற்றிடத்தை நிரப்ப வைக்கப்பட்டது. அவ்விடத்தில் எதனை வைப்பது என்பதை உபயோகிப்பவரே முடிவு செய்துகொள்ள, ஜீரோ டிவிஷன் என்னும் அமைப்பு 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பதிப்பில் சேர்க்கப்பட்டது. 0 அல்லது 1 என்று அதில் குறிப்பிடலாம். 2023-ஆம் ஆண்டில் வெளியான பதிப்பு முதல், "எண் அன்று" என்னும் குறியையும் அங்கே இடலாம். அவ்வாறு இட்டால் அந்த வகை சராசரியினின்று விலக்கப்படும். எதனைக் குறிப்பிட்டாலும் எச்சரிக்கை மறைந்துவிடும் என்பதை மறத்தலாகாது. அமைதியாக வந்த அறிக்கையில் இக்குறை இல்லை என்று கொள்வதற்கு அந்த அமைதி சான்றாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

இத்தேர்வு வெறும் சம்பிரதாயம் அன்று என்பதைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நெல்லின் இலைப் படங்களை நான்கு வகையாகப் பிரிக்க ஒரு நிரல் பயிற்றப்பட்டுள்ளது எனக் கொள்க. சோதனைக்கு 200 இலைகள். அவற்றுள் நலமுள்ளவை 150, குலை நோய் கண்டவை 30, பாக்டீரியா இலைக்கருகல் நோய் கண்டவை 16, துங்ரோ நோய் கண்டவை 4.

நலமுள்ள 150-இல் 144 நலம் என்றும், 4 குலை நோய் என்றும், 2 இலைக்கருகல் என்றும் தீர்ப்புப் பெற்றன. குலை நோய் கண்ட 30-இல் 24 சரியாக அறியப்பட்டன. 6 நலம் எனப்பட்டன. இலைக்கருகல் கண்ட 16-இல் 12 சரியாக அறியப்பட்டன. 4 நலம் எனப்பட்டன. துங்ரோ கண்ட 4-இல் 2 நலம் என்றும், 2 இலைக்கருகல் என்றும் தீர்ப்புப் பெற்றன. எந்த இலைக்கும் "துங்ரோ" என்று நிரல் கூறவேயில்லை.

சரியான தீர்ப்புகள் 180. மொத்தச் சரி விகிதம் 90. துல்லிய விகிதங்களாவன: நலம் 156-இல் 144, அதாவது 92.3, குலை நோய் 28-இல் 24, அதாவது 85.7, இலைக்கருகல் 16-இல் 12, அதாவது 75.0; துங்ரோ பூஜ்யத்தில் பூஜ்யம். இங்கேதான் எச்சரிக்கை எழுகிறது.

நான்கு வகைகளுக்கும் சம எடை கொடுத்துச் சராசரி காண்பது வழக்கம். துங்ரோவின் இடத்தில் 0 வைத்தால் சராசரித் துல்லிய விகிதம் 63.3 ஆகும். 1 வைத்தால், அதாவது முழு மதிப்பெண் கொடுத்தால், 88.3 ஆகும். துங்ரோவை விலக்கிவிட்டால் 84.3 ஆகும். இலைகள் அவையே, தீர்ப்புகளும் அவையே. ஆனால் அறிக்கையில் ஏறும் எண் 63 முதல் 88 வரை மாறுகிறது! எந்த ஏற்பாடு கையாளப்பட்டது என்று குறிப்பிடாமல் இத்தகைய சராசரியை வெளியிடுவதும், இரு நிரல்களை வெவ்வேறு ஏற்பாடுகளில் மதிப்பிட்டு ஒப்பிடுவதும் படிப்போரைத் தவறான வழியில் செலுத்துவனவாகும்.

இதே கணக்கில் துங்ரோவின் கண்டறி விகிதம் 4-இல் 0. இதுவும் அறிக்கையில் 0.0 என்றே அச்சாகும். ஆனால் இது உண்மையாகவே அளந்து பெற்ற பூஜ்யம்: நான்கு இலைகள் இருந்தன, நான்கும் தவறவிடப்பட்டன. எஃப்-1 மதிப்பும் அவ்வாறே மெய்யான பூஜ்யம். பக்கத்தில் பக்கமாக அச்சாகும் இவ்விரு வகைப் பூஜ்யங்களையும் பிரித்துக் காட்டுவது எச்சரிக்கை ஒன்றே.

இதில் விளையக்கூடிய கேடு கணக்கோடு நின்றுவிடுவதில்லை. துங்ரோ வைரஸ்களால் உண்டாவது. பச்சைத் தத்துப்பூச்சியால் பயிருக்குப் பயிர் பரவுவது. நோயுற்ற பயிரைக் குணப்படுத்த மருந்து இல்லை. தொடக்கத்திலேயே அறிந்து, நோயுற்ற பயிரை அகற்றி, தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதே வழி. நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று பாராட்டப்பெற்ற நிரல், உடனடி நடவடிக்கை தேவைப்படும் நோயின் பெயரையே ஒருமுறையும் உச்சரிக்கவில்லை என்பதை அந்த ஒற்றை வரி எச்சரிக்கை தெரிவித்தது. அதனை அடக்கியவர், வயலுக்குரியவர் கேட்டிருக்க வேண்டிய செய்தியை அடக்கியவராவார்.

எச்சரிக்கைகளின் வகைகள்

எச்சரிக்கையில் எந்த அளவையின் பெயர் வருகிறது என்பதைக் கொண்டு அதன் காரணத்தை ஓரளவு அறியலாம்.

துல்லிய விகிதம் வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், ஏதோ ஒரு வகையை நிரல் ஒருமுறையும் கூறவில்லை என்பது பொருள். குறை பெரும்பாலும் நிரலிலோ அதன் பயிற்சியிலோ இருக்கும்.

கண்டறி விகிதம் வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், சோதனைக்கு எடுத்த மாதிரியில் அவ்வகையே இல்லை. ஆயினும் நிரல் அதனைக் கூறியுள்ளது, அல்லது கணக்கிட வேண்டிய வகைகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டுள்ளது என்பது பொருள். இங்கே முதலில் நோக்க வேண்டியது மாதிரியையே. துங்ரோ தோன்றாத வட்டாரத்தில் எடுத்த இலைகளைக் கொண்டு துங்ரோவைக் கண்டறியும் திறனை எவராலும் அளக்க இயலாது.

எஃப்-1 மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், அவ்வகை மாதிரியிலும் இல்லை, தீர்ப்பிலும் இல்லை. அத்தகைய வகையைப் பற்றி அச்சோதனை எதனையும் கூறவில்லை.

இவற்றுடன் எச்சரிக்கையே எழாத நிலையொன்றும் உண்டு. அதுவே மிகவும் அபாயகரமானது. வகைகளின் பட்டியலை உபயோகிப்பவர் கொடுக்காவிட்டால், சைகிட்-லேர்ன் கோவை உண்மையிலும் தீர்ப்பிலும் காணப்படும் வகைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் இல்லாத வகை அறிக்கையில் இடம் பெறுவதே இல்லை. நான்கு நோய்களுக்கென அமைந்த நிரலின் அறிக்கையில் மூன்று வரிகளே இருத்தல் கூடும். சராசரியும் அம்மூன்றுக்கே எடுக்கப்படும். ஆகவே, எல்லா வகைகளின் பெயர்களையும் பட்டியலாகக் கொடுத்தே மதிப்பீட்டைத் தொடங்குவது நலம்.

காரணங்கள்

அனுபவத்தில் காணப்படும் காரணங்களுள் முக்கியமானவை ஐந்து.

ஒன்று, அருமை. பயிற்சிக்குக் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் ஒரு வகை மிகச் சிலவே இருந்தால், அதனைக் கூறாமலிருப்பதே மொத்தத் தவறுகளைக் குறைக்கும் எளிய வழியாகிவிடும். ஃபின்லி காலத்து "வராது" என்பவரைப் போல நிரலும் நடந்துகொள்ளும்.

இரண்டு, பிரிக்கும் முறை. சேகரித்தவற்றைப் பயிற்சிக்கென்றும் சோதனைக்கென்றும் பிரிக்கும்போது, பதிவேட்டின் வரிசையிலேயே வெட்டினால், கடைசியில் பதிவான நோய் முழுவதும் ஒரு பக்கமே சென்றுவிடலாம். ஒவ்வொரு வகையும் இரு பக்கமும் உரிய வீதத்தில் அமையுமாறு பிரிக்க வேண்டும்.

மூன்று, பெயர் மாறாட்டம். பயிற்சிப் பதிவேட்டில் "குலை நோய்" என்று பிரித்தும், சோதனைப் பதிவேட்டில் "குலைநோய்" என்று சேர்த்தும் எழுதியிருந்தால், கணிப்பொறிக்கு அவை இரு வெவ்வேறு வகைகள். முன்னதற்குக் கண்டறி விகிதமும் பின்னதற்குத் துல்லிய விகிதமும் வரையறையற்றுப் போகும். வகைகளை ஓரிடத்தில் 0 முதலும், மற்றோரிடத்தில் 1 முதலும் எண்ணிட்டாலும் இதே விளைவுதான். ஒரே சோதனையில் இருவகை எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் முதலில் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும்.

நான்கு, தீர்ப்பின் எல்லை. "உண்டு" அல்லது "இல்லை" என்று கூறும் நிரல்கள் பொதுவாக நிகழ்தகவு பாதியைக் கடந்தால்தான் "உண்டு" என்கின்றன. அரிய நோய்க்கு அது பாதியை எட்டாமலே போகலாம். எல்லையைத் தக்கவாறு தாழ்த்தினால் நோய் அறியப்படும்; பொய் அறிவிப்புகளும் கூடும். எது ஏற்கத்தக்கது என்பதைப் பயிரின் நிலையும் செலவும் அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து, சிறு தொகுதிகள். 16 படங்களாகவோ 32 படங்களாகவோ எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் விகிதம் கண்டு, பின்னர் அவற்றின் சராசரியை எடுப்போர் உளர். சிறு தொகுதியில் அரிய வகை அகப்படாததால் வைக்கப்பட்ட பூஜ்யங்கள் பல சேர்ந்து சராசரியைக் கெடுத்துவிடும். எண்ணிக்கைகளைக் கூட்டிக்கொண்டே சென்று, இறுதியில் ஒருமுறை வகுப்பதே முறையாகும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

எச்சரிக்கை தோன்றியவுடன் விகிதங்களை விட்டுவிட்டு, எண்ணிக்கைகளின் இருவழி அட்டவணையை எழுதிப் பார்த்தல் வேண்டும். வரிசைகளில் உண்மையான வகைகளையும், நிரல்களில் தீர்ப்புகளையும் இட்டு நிரப்பினால், எந்த வரிசை வெறுமை, எந்த நிரல் வெறுமை என்பது ஒரே பார்வையில் புலனாகும். வெறுமையான நிரல் தீர்ப்பின் குறை. வெறுமையான வரிசை மாதிரியின் குறை.

குறை மாதிரியில் இருந்தால், அவ்வகையைச் சார்ந்த எடுத்துக்காட்டுகளை மேலும் சேகரிப்பதே மருந்து. நான்கே இலைகளைக் கொண்டு அறியும் விகிதத்தில், ஓர் இலை மாறினால் 25 வீதம் மாறிவிடும். ஆதலால் எச்சரிக்கை இல்லாதபோதும் ஒவ்வொரு விகிதத்தின் பக்கத்திலும் அதற்கு அடிப்படையான எண்ணிக்கையைத் தவறாது குறிப்பிடுதல் வேண்டும்.

அறிக்கை எழுதும்போது வரையறையற்ற இடத்தில் பூஜ்யம் எழுதாமல் ஒரு கோடிட்டு, "இவ்வகைக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை" அல்லது "மாதிரியில் இவ்வகை இல்லை" என்று அடிக்குறிப்புத் தருவது நேர்மையான முறை. சராசரி கொடுத்தால், எத்தனை வகைகளின் சராசரி என்பதையும், வெற்றிடத்தில் என்ன வைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணத்தை அறிந்து, ஏற்பாட்டை எழுதி வைத்த பிறகே எச்சரிக்கையை அடக்கலாம். அதற்கு முன் அன்று.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் கணிப்பொறி இல்லாமலே இதனை மாணவர்களுக்கு விளக்கலாம். 40 காகிதத் துண்டுகளை எடுத்து, 36-இல் "இல்லை" என்றும், 4-இல் "உண்டு" என்றும் எழுதி மடித்துக் கலக்குக. ஒவ்வொன்றையும் பிரிக்குமுன் முதல் மாணவன் தன் ஊகத்தைக் கூறட்டும். அதே துண்டுகளுக்கு இரண்டாம் மாணவன் எப்போதும் "இல்லை" என்றே கூறட்டும். முடிவில் இருவருக்கும் இருவழி அட்டவணை அமைத்து மூன்று அளவைகளையும் காணச் செய்க.

இரண்டாமவன் 40-இல் 36 பெறுவான். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. முதலாமவன் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே பெறுவான். இரண்டாமவனின் துல்லிய விகிதத்தை எழுத முற்படும்போது வகுப்பில் கருத்து வேற்றுமை எழும். ஒன்றும் கண்டுபிடிக்காதவனுக்குப் பூஜ்யமே தகும் என்பர் சிலர். தவறாக ஒருமுறையும் "உண்டு" என்று சொல்லாதவனுக்கு முழு மதிப்பெண் தகும் என்பர் வேறு சிலர். இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு என்பதையும், பெருக்கல் விதியின்படி இரண்டும் பொருந்துவதையும், அதனாலேயே எதுவும் விடையாகாது என்பதையும் அப்போது எளிதில் உணர்த்தலாம். பூஜ்யத்தால் வகுக்கலாகாது என்று விதியாகக் கற்ற மாணவர், அவ்விதியின் தேவையைக் கண்கூடாகக் காண்பர்.

அளவீட்டுக் கருவிகள் எவையாயினும், அவை அளக்கக்கூடியதற்கு எல்லை உண்டு. வெப்பமானியின் அளவுகோலுக்குக் கீழே பாதரசம் இறங்கிவிட்டால், கடைசிக் கோட்டின் எண்ணை அன்றைய வெப்பநிலையாகப் பதிவு செய்ய நல்ல பதிவாளர் எவரும் துணியார்; "அளவுக்குக் கீழ்" என்றே குறிப்பார். வகைப்படுத்தும் நிரலின் எச்சரிக்கையும் அத்தகைய குறிப்பேயாகும். அதனைப் படித்து, காரணத்தைத் தேடி, கண்டதை அறிக்கையில் எழுதுவது களப்பணியாளரின் கடமை. எந்தப் பூஜ்யம் அளந்தது, எந்தப் பூஜ்யம் வைத்தது என்று வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியரின் பணி.